காக்கைக்கு ஏழு வயதுக் குழந்தையின் அறிவு என்கிறார்களே, சரியா?

மார்ச் 3, இரவு 9.10 (வாசகர் கேள்வி)

ஏழு வயதுக் குழந்தைக்கு உள்ள அறிவு காக்கைக்கு உண்டு என்று எங்கே பார்த்தாலும் எழுதுகிறார்கள். என்னால் நம்ப முடியவில்லை. ஜன்னல் கண்ணாடியில் தெரிகிற தன் உருவத்தோடு காலையெல்லாம் சண்டை போடுகிற பறவை அது. குயில் முட்டையைத் தன்னுடையது என்று அடைகாக்கிற பறவை. இப்போது புதிதாக ஒன்று: மாடிக்குப் போனால் ஒரு காக்கை என் தலையில் மட்டும் அடித்துவிட்டுப் போகிறது. வீட்டில் வேறு யாரையும் தொடுவதில்லை. இதை அறிவு என்பதா, வெறி என்பதா?

மார்ச் 3, இரவு 10.25

தலையில் அடிப்பதை முதலில் பார்ப்போம், அதுதான் அவசரம். பக்கத்தில் கூடு இருக்கிறதா? குஞ்சு ஏதாவது கீழே இறங்கியிருக்கிறதா? கூடு இருந்த கிளையை வெட்டினீர்களா? செத்த காக்கை எதையாவது கையில் எடுத்தீர்களா? உங்களை மட்டும் அடிக்கிறது என்றால் உங்கள் முகம் அதற்குத் தெரிந்திருக்கிறது. வெறியில் அடிக்கிற பறவை ஆள் பார்த்து அடிக்காது.

கண்ணாடியும் குயிலும் பெரிய கேள்விகள். பிறகு வருகிறேன்.

மார்ச் 4, காலை 6.50

முகம் தெரியும் என்று சொன்னதற்கு ஆதாரம் கேட்கிறார்கள். நியாயம்தான்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் என்ற பறவையியல் பேராசிரியர் 2006-ல் ஒரு சோதனையைத் தொடங்கினார். ஆதிமனிதன் முகமூடி ஒன்றை மாட்டிக்கொண்டு, வளாகத்தில் 7 காக்கைகளைப் பிடித்து, காலில் வளையம் போட்டு விட்டுவிட்டார்கள். பிறகு அதே முகமூடியை மாட்டிக்கொண்டு யார் நடந்தாலும், ஆணோ பெண்ணோ, குட்டையோ நெட்டையோ, காக்கைகள் கூடிக் கத்தின. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு முகமூடியும் இருந்தது. அப்போதைய துணை அதிபர் டிக் செனியின் முகம் அது. அதை மாட்டிக்கொண்டு போனவரைக் காக்கைகள் கண்டுகொள்ளவில்லை. ஆகவே முகமூடி என்பதால் வந்த கலவரம் இல்லை. அந்தக் குறிப்பிட்ட முகத்தின் மேல் வந்த கோபம்.

இதில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது ஒரே ஒரு எண்ணிக்கையை. பிடிபட்டவை 7. பின்னாளில் ஒரு நடையில் எதிர்ப்பட்ட 53 காக்கைகளில் 47 கத்தின. அதாவது பெரும்பாலானவை அந்த முகத்திடம் ஒருநாளும் மாட்டாதவை. மற்றவை கத்துவதைப் பார்த்து, "இவன் ஆபத்தானவன்" என்று கற்றுக்கொண்டவை. அப்பா அம்மா கத்தும்போது கூடவே இருந்த குஞ்சுகளும் தனியாகப் போன பிறகு அதே முகத்தைப் பார்த்துக் கத்தின. அந்த முகமூடியைப் பார்த்து ஒரு காக்கைகூடக் கத்தாத நிலை வருவதற்கு 2023 ஆயிற்று. பதினேழு ஆண்டு.

மார்ச் 4, மதியம் 1.15

சொந்த அனுபவத்தையும் சொல்கிறேன். சாக்கடை ஓரம் உட்கார்ந்திருந்த காக்கைக் குஞ்சை எடுத்து மதில் மேல் வைத்தேன். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். இரண்டு பெரிய காக்கைகளும் தலைக்கு மேல் சுற்றின. மறுநாளிலிருந்து அந்தப் பருவம் முடியும்வரை நான் வெளியே இறங்கினால் போதும், எங்கிருந்தாவது ஒன்று வரும்.

எப்படி வரும் என்பதைக் கவனித்திருக்கிறேன். எதிரே கத்துகிற காக்கை அடிக்காது. அடிக்கிற காக்கை கத்தாது. அது பின்னாலிருந்து தாழ்ந்து வரும். காதோரம் இறக்கைக் காற்று பட்ட பிறகுதான் தெரியும். அலகால் கொத்துவது குறைவு. காலை மடக்கித் தட்டிவிட்டு மேலே ஏறிவிடும். வரும் நேரத்தில் திரும்பி நேருக்கு நேர் பார்த்துவிட்டால், பாதி வழியில் இறக்கையைச் சாய்த்துக்கொண்டு ஒதுங்கிவிடும். முகம் பார்க்கிற பறவை, தன்னை ஒரு முகம் பார்ப்பதையும் கவனிக்கிறது. சட்டையை மாற்றியதில் எந்தப் பலனும் இல்லை. குடை பலன் தந்தது.

மார்ச் 4, இரவு 8.40

ஒருவர் எழுதியிருப்பதைப் பார்த்துப் பதறிப்போனேன். செத்த காக்கையை மாடியில் கட்டித் தொங்கவிட்டால் மற்றவை வராது என்று யோசனை சொல்லியிருக்கிறார். அதைக் கட்டப் போகிறவர் யார்? ஏற்கெனவே அடிபடுகிற அதே ஆள்தானே!

சியாட்டிலிலேயே கேலி ஸ்விஃப்ட் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்து 2015-ல் வெளியிட்டார். காக்கைகளுக்குப் பழக்கமான தீனி இடத்தில் ஒருவர் முகமூடியோடு, கையில் செத்த காக்கையோடு நிற்பார். காக்கைகள் கூட்டம் கூடிக் கத்தும். அதற்குப் பிறகு வெறுங்கையோடு வந்தாலும் அந்த முகத்தை வாரக்கணக்கில் எச்சரித்துக் கத்தின. அந்த இடத்தில் தீனி எடுக்கவே தயங்கின. காக்கைகளின் "சாவு வீடு" என்று பலர் வீடியோ போடுவது இதைத்தான். துக்கம் இருக்குமா என்று யாராலும் அளக்க முடிந்ததில்லை. ஆனால் "இங்கே ஒருவர் செத்திருக்கிறார், எதனால், யாரால்" என்று பார்க்கக் கூடுகின்றன என்பதற்கு இந்தச் சோதனை நல்ல சாட்சி.

ஆகவே கட்டாதீர்கள். உங்கள் முகத்தின் மேல் இன்னொரு வழக்கு ஏறும்.

மார்ச் 6, காலை 7.30

இனி அந்த ஏழு வயது.

இந்தக் கணக்கு வானத்திலிருந்து விழவில்லை. 2014-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பசிபிக் தீவான நியூ கலிடோனியாவின் காக்கைகளை வைத்துத் தண்ணீர்க் குழாய்ச் சோதனை செய்தார்கள். பானையில் கல் போட்ட காக்கை கதை நாம் எல்லோரும் படித்ததுதான். அதையே சோதனைச்சாலையில் செய்து பார்த்தார்கள். குறுகிய குழாய், அடியில் தண்ணீர், அதில் மிதக்கும் இறைச்சித் துண்டு, அலகு எட்டாது. காக்கைகள் பொருளைப் போட்டு நீர்மட்டத்தை உயர்த்தின. தண்ணீர்க் குழாயும் மணல் குழாயும் பக்கத்தில் இருந்தால் தண்ணீர்க் குழாயில் போட்டன. மிதக்கும் துண்டை விட்டு மூழ்கும் துண்டை எடுத்தன. உள்ளே வெற்றாக இருப்பதை விட்டுக் கெட்டியானதை எடுத்தன. இந்தப் பகுதியில் அவற்றின் திறமை ஐந்திலிருந்து ஏழு வயதுக் குழந்தைகளுக்கு ஈடு என்று எழுதினார்கள். அந்த ஒரு வரியை எடுத்து "காக்கை = ஏழு வயதுக் குழந்தை" என்று ஆக்கிவிட்டார்கள்.

அதே கட்டுரையின் மறுபாதியை யாரும் பகிர்வதில்லை. அகலக் குழாய், குறுகிய குழாய் இரண்டில் குறுகியதில் போட்டால் நீர் சீக்கிரம் உயரும் என்பதை அவை பிடிக்கவில்லை. அடியில் கண்ணுக்குத் தெரியாமல் இணைத்த இரட்டைக் குழாயில், ஒன்றில் போட்டால் இன்னொன்றில் நீர் ஏறும் என்பதையும் பிடிக்கவில்லை. இன்னொன்று: கல்லைக் குழாயில் போடும் பழக்கத்தைச் சோதனைக்கு முன்பே அவற்றுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பானையைப் பார்த்தவுடன் தானாகக் கல் தேடிப் போன கதை இல்லை அது.

இதனால் காக்கையின் மதிப்பு குறைந்துவிட்டதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பொருளைத் தூக்கிப் பார்த்ததும் இது மூழ்கும், இது மிதக்கும் என்று பிரிக்கத் தெரிந்திருக்கிறதே, அது போதாதா? எனக்கு உறுத்துவது குழந்தையை அளவுகோலாக வைப்பதுதான். ஒரு வயதுக் காக்கை தானே இரை தேடும், பருந்தைத் தூரத்திலேயே அடையாளம் காணும், சில இனங்களில் தன் தம்பி தங்கைகளுக்கு இரை ஊட்டவும் செய்யும். எந்தக் குழந்தையோடு இதை ஒப்பிடுவது?

மார்ச் 6, காலை 9.05

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2009-ல் இங்கிலாந்தில் ரூக் என்ற காக்கை இனத்தை வைத்து கிறிஸ்டோபர் பேர்டும் நேதன் எமரியும் இதே நீர்ச் சோதனையைச் செய்து காட்டினார்கள். காட்டில் ரூக் கருவி எதையும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. ஆனால் தேவை வந்தபோது கல்லைப் போட்டது. காட்டில் ஒன்றைச் செய்வதில்லை என்பதால் அதற்குச் செய்ய வராது என்று முடிவுகட்ட முடியாது.

மார்ச் 8, இரவு 10.10

கண்ணாடி.

கூடு கட்டும் பருவத்தில் காக்கை தன் எல்லைக்குள் வேறு காக்கையை விடாது. கண்ணாடியில் தெரிகிற காக்கை என்ன செய்தாலும் போகாது; முறைத்தால் முறைக்கும், பாய்ந்தால் பாயும். ஆகவே சண்டை ஓயாது. ஐரோப்பாவின் முழுக் கறுப்புக் காக்கையான காரியன் காக்கைக்குக் கண்ணாடிச் சோதனை வைத்துப் பார்த்தார்கள்: கழுத்தில் ஒரு பொட்டு வைத்து, கண்ணாடியில் பார்த்துத் தன் மேல் உள்ள பொட்டைத் தேடுகிறதா என்று. தேடவில்லை. அதே குடும்பத்து மேக்பை 2008-ல் ஜெர்மனியில் தேடியது, அதுவும் எல்லாப் பறவையும் இல்லை. பிறகு வேறிடத்தில் திரும்பச் செய்தபோது மேக்பையும் தேடவில்லை.

இந்தச் சோதனையின் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை கிடையாது. உடம்பில் ஒரு பொட்டு ஒட்டியிருந்தால் காக்கை அதைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? எதிரே நிற்பது யார் என்பதுதான் அதற்கு முக்கியம்.

உங்களுக்கு வேண்டியது தீர்வு. கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் பழைய துணியோ தாளோ ஒட்டிவையுங்கள். உள்ளே திரை போட்டால் பிரதிபலிப்பு இன்னும் நன்றாகத் தெரியும், சண்டை கூடும். குஞ்சுகள் பறந்ததும் எடுத்துவிடலாம்.

மார்ச் 9, காலை 6.20

குயில் விஷயம் காக்கையின் முட்டாள்தனம் என்றே எல்லோரும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கிட்டே நின்று பார்த்தால் அப்படிச் சொல்ல வராது.

என் ஜன்னலுக்கு நேரே ஒரு கூடு இருந்த வருடம் இது. ஆண்குயில் கூட்டுக்குப் பக்கத்துக் கிளையில் வந்து உட்கார்ந்து, ஒளியாமல், உரக்கக் கூவும். இரண்டு காக்கைகளும் அதைத் துரத்திக்கொண்டு போகும். அந்த இடைவெளியில் புள்ளி போட்ட பெட்டைக் குயில் இலைக்குள்ளிருந்து வெளிப்பட்டு, கூட்டில் ஏறி, இறங்கிவிடும். மூச்சு விடும் நேரம்தான். குயிலைக் கண்டால் விரட்ட வேண்டும் என்று காக்கைக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தெரிந்த விஷயத்தையே குயில் தனக்கு வழியாக்கிக்கொண்டது.

முட்டை உள்ளே போன பிறகு குயிலுக்கு இன்னொரு சாதகம். காக்கை முட்டையைவிடக் குயில் முட்டை முந்திப் பொரிந்துவிடும். குயில் குஞ்சு வாயைத் திறந்தால் உள்ளே சிவப்பு. அந்தத் திறந்த வாயைப் பார்த்தால் காக்கையால் இரை கொடுக்காமல் இருக்க முடியாது. பிறகு கறுப்பாக ஒரு குயில் குஞ்சு கிளையில் இறக்கையைச் சிலிர்த்துக்கொண்டு கெஞ்சியதையும், காக்கை தொண்டையிலிருந்து இரையை எடுத்து அதன் வாய்க்குள் அலகு மறையத் திணித்ததையும் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். காக்கை ஒரு தடவைகூடத் தயங்கவில்லை.

தன் குஞ்சையா பிறர் குஞ்சையா என்று நின்று யோசிக்கிற பழக்கம் வந்தால், ஒருநாள் தன் குஞ்சையே பட்டினி போடும் ஆபத்தும் கூடவே வரும். எந்தத் தவறு மலிவானது என்று பார்த்தால் காக்கை செய்வது புரியும்.

மார்ச் 9, மாலை 5.45

காலையில் எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. குயில் குஞ்சு வந்தால் காக்கைக்கு எப்போதும் நஷ்டம்தான் என்றும் சொல்ல முடியாது. ஸ்பெயினில் காரியன் காக்கைக் கூட்டில் பெரும்புள்ளிக் குயில் என்ற இனம் முட்டையிடும். அந்தக் குஞ்சைத் தொந்தரவு செய்தால் கெட்ட நாற்றமுள்ள ஒரு திரவத்தைப் பீய்ச்சும். 2014-ல் டேனியேலா கனெஸ்ட்ராரி குழுவினர் வெளியிட்ட ஆய்வின்படி, கூடு கொள்ளையடிக்கும் விலங்குகள் அதிகமாக இருந்த வருடங்களில், அந்தக் குயில் குஞ்சு இருந்த கூடுகளில்தான் காக்கைக் குஞ்சுகள் அதிகம் தப்பிப் பறந்தன. நாற்றத்துக்குப் பயந்து கொள்ளைக்காரர்கள் ஒதுங்கினார்கள். கொள்ளை குறைந்த வருடங்களில் குயில் குஞ்சு பாரம்தான்.

நம் பக்கத்துக் குயிலுக்கு இதைப் பொருத்த வேண்டாம். அது வேறு இனம்.

மார்ச் 11, இரவு 9.00

"காக்கைகள் கார் சக்கரத்தில் கொட்டையை வைத்து உடைக்கும், சிக்னல் பார்த்து எடுக்கும், எல்லாக் காக்கையும் செய்யும்" என்று ஒருவர்.

ஜப்பானின் செண்டாய் நகரத்துக் காக்கைகள் வால்நட்டைச் சாலையில் வைத்துக் கார் ஏற விடுவது உண்மை. சக்கரம் தவறினால் நகர்த்தி வைப்பதையும் பார்த்திருக்கிறார்கள். எல்லாக் காக்கையும் என்பது தவறு. கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரில் 1990-களில் நின்று எண்ணிப் பார்த்தார்கள். கார் வருகிறதா இல்லையா என்பதற்கும் காக்கை கொட்டையைப் போடுவதற்கும் சம்பந்தமே இல்லை. கெட்டித் தரை வேண்டும், அதனால் சாலையில் போடுகின்றன, அவ்வளவுதான்.

ஒரு நகரத்துக் காக்கைக்குத் தெரிந்தது இன்னொரு நகரத்துக் காக்கைக்குத் தெரியவில்லை. சியாட்டில் முகமூடியையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பக்கத்திலிருப்பதைப் பார்த்துத்தான் கற்கின்றன.

மார்ச் 14, காலை 8.15

பெட்டி (Betty) என்று பெயர் வைத்த காக்கையைப் பற்றிச் சொல்லாமல் காக்கை அறிவைப் பேச முடியாது.

ஆக்ஸ்ஃபோர்டில் வைத்திருந்த நியூ கலிடோனியா பெண் காக்கை அது. செங்குத்தான குழாய்க்குள் கைப்பிடி வைத்த சின்ன வாளி, வாளியில் இறைச்சி. வளைந்த கம்பி ஒன்று, நேர்க் கம்பி ஒன்று. கூட இருந்த ஏபெல் என்ற ஆண் காக்கை வளைந்த கம்பியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பெட்டி நேர்க் கம்பியை எடுத்து, ஒரு முனையை இடுக்கில் சொருகி வளைத்து, கொக்கியாக்கி வாளியைத் தூக்கியது. திரும்பத் திரும்ப நேர்க் கம்பி மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 10-ல் 9 முறை வளைத்தது. 2002-ல் இது வெளிவந்தபோது, முன்பின் பார்க்காத பொருளில் தானே யோசித்துக் கருவி செய்த விலங்கு என்று உலகம் முழுக்கப் பேச்சு.

2016-ல் வேறொரு செய்தி வந்தது. காட்டில் பிடித்த அதே இனத்துக் காக்கைகள் பல, கருவி செய்யும்போது வளையும் குச்சியை இதே மாதிரி வளைப்பதைக் கண்டார்கள். பெட்டியும் காட்டில் பிடிபட்ட பறவைதான். ஆகவே அன்று அது கண்டுபிடித்ததா, கை வந்த பழக்கத்தைக் கம்பியில் போட்டுப் பார்த்ததா என்பது இப்போது திறந்த கேள்வி. இதைப் படித்தபோது எனக்கு ஏமாற்றமாக இல்லை. குச்சியில் பழகியதைக் கம்பியில் செய்யத் தோன்றியதே, நம் ஆசாரிகள் புது மரத்தைத் தொடும்போது செய்வதும் அதுதான்.

அந்தத் தீவில் அவை தாழை இலையின் முள் ஓரத்தைக் கிழித்துக் கருவி செய்யும். அலகால் ஒரு வெட்டு, ஒரு கிழிப்பு, மறுபடி வெட்டு. படிப்படியாக ஒரு பக்கம் அகலமாகவும் நுனி மெல்லியதாகவும் வரும். முள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அது கொக்கி. கிழித்த இலையில் அதே வடிவத்தில் வெட்டு நிற்பதால், பறவையைப் பார்க்காமலே இலையைப் பார்த்து எந்த வகைக் கருவி செய்தது என்று சொல்லிவிடலாம். கேவின் ஹன்ட் 1996-ல் இதை வெளியிட்டார். தீவின் வெவ்வேறு பகுதிகளில் வெவ்வேறு வடிவங்கள் இருக்கின்றன.

மார்ச் 14, காலை 8.40

"இத்துனூண்டு மூளையில் இவ்வளவா?" என்பதற்கு: ரேவன் என்ற பெரிய காக்கை இனத்தின் மூளை சுமார் 14 கிராம். 2016-ல் எண்ணிப் பார்த்தபோது அதில் சுமார் 217 கோடி நரம்பணுக்கள் இருந்தன. பறவை மூளையில் நரம்பணுக்கள் சிறியவை, நெருக்கமாக அடைந்தவை. எடையை வைத்துக் கணக்குப் போட்டால் தப்பு. முன்மூளையில் மட்டும் பார்த்தால், இதைவிடப் பெரிய மூளையுள்ள குரங்குகளுக்கு ஈடாக நிற்கிறது.

மார்ச் 17, மாலை 6.30

முதலில் கேட்டவர் பதில் போட்டுவிட்டார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு குஞ்சு இருக்கிறதாம். அதைக் கூடையில் எடுத்து நிழலில் வைத்தவர் அவர்தானாம். விஷயம் தெளிவாகிவிட்டது.

செய்ய வேண்டியது: குஞ்சு உடம்பில் இறகு மூடியிருந்தால், கண் திறந்து கிளையைப் பற்ற முடிந்தால், அது விழுந்த குஞ்சு இல்லை, கூட்டை விட்டு இறங்கிய குஞ்சு. முழுதாகப் பறக்கத் தெரிவதற்குள் காக்கைக் குஞ்சுகள் இறங்கிவிடும். சில நாட்கள் தரையிலும் தாழ்ந்த கிளையிலும் தத்தித் திரியும். அப்பா அம்மா இரை கொடுத்துக்கொண்டே இருக்கும். கூடையை எடுத்துவிடுங்கள், பூனையை உள்ளே வையுங்கள், அந்தப் பக்கம் போவதை வேறு யாருக்காவது விட்டுவிடுங்கள். வாயைத் திறக்கிறதே என்று அதன் தொண்டையில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழலில் போய்விடும். இறகே முளைக்காத குஞ்சு என்றால் மட்டும் கூட்டில் திரும்ப வைக்க வேண்டும். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது பொய்.

மார்ச் 20, இரவு 10.50

சில வாரமாகக் கவனித்துவரும் ஒன்று. ஒரு காக்கை ரொட்டித் துண்டோடு மதிலில் இறங்கும். அப்படியே மறைக்காது. முதலில் தலையை ஒரு பக்கம், பிறகு மறுபக்கம் திருப்பும். காய்ந்த இலையைப் புரட்டி, துண்டை வைத்து, வேறொரு இலையை எடுத்து மேலே போடும். இரண்டடி நகர்ந்து திரும்பிப் பார்க்கும். நான் ஜன்னலில் நிற்பதைப் பார்த்தால் போச்சு. திரும்பி வந்து துண்டை எடுத்துக்கொண்டு ஓட்டுக்கு அந்தப்புறம் போய்விடும். நான் திரைக்குப் பின்னால் நின்றால் வைத்தது வைத்தபடி இருக்கும்.

ரேவன்களில் இதை ஒழுங்காகச் சோதித்திருக்கிறார்கள். தாமஸ் பூன்யார் குழு, வியன்னா, 2016. இரண்டு அறை, நடுவில் மறைப்பு, அதில் சின்ன எட்டிப்பார்க்கும் துளை. பக்கத்து அறையில் வேறு காக்கை எதுவும் இல்லை, அதன் குரல் ஒலிப்பதிவு மட்டும். துளை திறந்திருந்தால் ரேவன் அவசரமாக மறைக்கிறது, மறைத்த இடத்துக்கு மறுபடி போவதைத் தவிர்க்கிறது. துளை மூடியிருந்தால் நிதானமாக வேலை செய்கிறது. அந்தத் துளை வழியாகத் தானே முன்பு எட்டிப்பார்த்துப் பழகிய பறவைகள் அவை. நான் பார்க்க முடிந்தால் மற்றவரும் பார்க்க முடியும் என்ற கணக்கு அதில் இருக்கிறது.

ஏழு வயது என்ற பேச்சைவிட இது எவ்வளவோ மேல். காக்கையின் அறிவில் பெரும்பங்கு குழாயிலும் கம்பியிலும் இல்லை. யார் பார்க்கிறார், யார் ஆபத்து, யாரிடம் எது இருக்கிறது என்பதில் இருக்கிறது.

மார்ச் 23, மதியம் 2.00

காக்கை இல்லாத ஊர் உண்டா என்று கேட்டால்: அன்டார்க்டிகாவிலும் தென் அமெரிக்காவிலும் காக்கை இனம் இயற்கையாக இல்லை. தென் அமெரிக்காவில் அதன் உறவான ஜே பறவைகள் மட்டும் உண்டு.

சாம்பல் கழுத்து வீட்டுக் காக்கை கதை தனி. மனிதர் குடியிருப்பை விட்டு அது எங்கும் வாழ்வதில்லை. கப்பலில் ஏறிக் கண்டம் தாண்டிவிட்டது. 1994-ல் நெதர்லாந்தின் ஹூக் வான் ஹாலந்து துறைமுகத்தில் வந்து இறங்கியது, அந்தக் குளிரிலும் பெருகியது, பிறகு ஒழிக்க உத்தரவாயிற்று. சான்சிபாருக்கு 1890-களில் குப்பையைத் தின்னட்டும் என்று மனிதரே கொண்டுபோனார்கள். இன்று கிழக்கு ஆப்பிரிக்கக் கரை முழுக்க அது இருக்கிறது. உள்ளூர்ப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்கிறது. 2024 முடிவதற்குள் 10 லட்சம் காக்கைகளைக் கொல்லப்போவதாகக் கென்யா அறிவித்தது. அங்குள்ள சின்னப் பறவைகளுக்காக எனக்கு வருத்தம் உண்டு. கொண்டுபோய் விட்டவர் ஒருவர், சாவது இன்னொருவர் என்பதிலும் வருத்தம் உண்டு.

காரியன் காக்கைகள், பறவை உட்காரக் கூடாது என்று கட்டடங்களில் பதிக்கிற கூர் முள் பட்டையையே பிடுங்கிக் கூடு கட்டியதை 2023-ல் ராட்டர்டாமில் ஆவணப்படுத்தினார்கள். இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

மார்ச் 24, காலை 7.10

நேற்றையதைப் படித்தவர் "அறிவுள்ள பறவை எங்கேயும் பிழைத்துக்கொள்ளும்" என்கிறார். ஹவாய்க் காக்கையைப் பாருங்கள்.

அலாலா என்பது அங்கு அதன் பெயர். 2016-ல் வெளியான ஆய்வில் சோதித்த 104 பறவைகளில் 78 சதவீதம் குச்சியைக் கருவியாகப் பிடித்து இரையை எடுத்தன. அப்படிப்பட்ட பறவை 2002-க்குப் பிறகு காட்டில் இல்லை. நோய், எலி, பூனை, அழிந்த காடு. கூண்டில் வளர்த்தவற்றை 2016 முதல் காட்டில் விட்டார்கள். ஹவாய்ப் பருந்தைக் கண்டு பயப்பட முன்கூட்டியே பயிற்சியும் கொடுத்தார்கள். அப்படியும் பல இறந்துபோக, மிச்சமிருந்தவற்றை 2020-ல் திரும்பப் பிடித்துவந்தார்கள். 2024-ல் அந்தப் பருந்து இல்லாத மாவி தீவில் ஐந்தை விட்டிருக்கிறார்கள்.

இதற்கு நடுவே ஒரு செய்தி. காட்டில் இருந்தபோது பதிவான அலாலாவின் குரல்களையும் கூண்டுப் பறவைகளின் குரல்களையும் ஒப்பிட்டார்கள். கூண்டில் ஆபத்துக் குரல் குறைந்துவிட்டது. எல்லை அறிவிக்கும் குரல் காணவே இல்லை. சியாட்டிலில் 7 பறவை பட்டதை ஊர்க் காக்கைகள் கற்றுக்கொண்டதாகச் சொன்னேன் அல்லவா, இது அதன் மறுபக்கம். கற்றுக்கொடுக்கிற பெரியவர்கள் செத்துப்போனால், கருவி பிடிக்கத் தெரிந்தும் பருந்திடம் மாட்டும். முட்டையையும் கூண்டையும் மட்டும் காப்பாற்றினால் ஒரு காக்கை இனத்தைக் காப்பாற்றியதாகாது என்பது இதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

மார்ச் 27, இரவு 9.20

குரலைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. "கா கா என்பதில் என்ன இருக்கிறது" என்று கேட்டவருக்கு.

ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரியாஸ் நீடர் ஆய்வகம், 2024. மூன்று காரியன் காக்கைகள். திரையில் ஒரு குறியைக் காட்டினால், அல்லது ஓர் ஒலியைக் கேட்கவைத்தால், அதற்குரிய எண்ணிக்கையில் ஒன்று முதல் நான்கு முறை கரைய வேண்டும். முடித்ததும் "முடித்துவிட்டேன்" என்று திரையைக் கொத்த வேண்டும். கற்றுக்கொண்டன. தப்பும் வந்தது, பெரும்பாலும் ஒன்று கூடவோ குறையவோ. எண்ணிக்கை கூடக் கூட, முதல் குரலைத் தொடங்க அதிக நேரம் எடுத்தன. அந்த முதல் குரலின் ஒலியை வைத்தே எத்தனை முறை கரையப்போகிறது என்று ஆய்வாளர்களால் கணிக்கவும் முடிந்தது. அதாவது வாயைத் திறக்கும்போதே எண்ணிக்கை முடிவாகியிருக்கிறது.

இது பயிற்சி கொடுத்த பறவை. ஜன்னலுக்கு வெளியே கத்துகிற காக்கை எண்ணித்தான் கத்துகிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு நாளாகக் குறித்துக்கொண்டு வருகிறேன்: எத்தனை முறை, இடைவெளி எவ்வளவு, கேட்டதும் இணை என்ன செய்தது. மூன்று குறுகிய குரலுக்கு இணை பறந்து வருகிறது; நீண்ட ஒற்றைக் குரலுக்கு இருந்த இடத்திலிருந்தே பதில் கொடுக்கிறது. இது ஒரே ஒரு ஜோடி, பொதுவிதி ஆக்க வேண்டாம். உங்கள் பக்கத்தில் ஒரு ஜோடி கூடு கட்டியிருந்தால் ஒரு வாரம் இதையே குறித்து இங்கே போடுங்கள். காலை முதல் வெளிச்சத்தில் தொடங்கினால் நல்லது, அப்போதுதான் அதிகம் பேசிக்கொள்கின்றன.